படகில் ஏறிப் பினாங்கு காணல்



லெம்பா பெர்த்தாமில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். நம்மைச் சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். காலையில் பனி, மாலையில் மழை. கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் தாப்பாவுக்கு இறங்கும் அத்தனை வளைவுகளையும் கடந்தாக வேண்டும். ஆயினும் இப்பள்ளத்தாக்கு கடலோடு தொடர்பற்றதன்று. இவ்வூருக்குப் பெயர் தந்த பெர்த்தாம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். அதன் போக்கில் விட்டிருந்தால் தெலோம், ஜெலாய் ஆறுகளோடு கூடிப் பகாங் ஆறாகிக் கிழக்கே தென்சீனக் கடலில் கலந்திருக்கும். 1960களில் ரிங்லெட்டில் அணை எழுந்தது. மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். ஆற்றின் நீர் மின்சாரம் தந்துவிட்டு மேற்கே பேராக் பக்கம் இறங்கிப் பாத்தாங் பாடாங் ஆற்றில் சேர்ந்தது. ஆகவே நம் மலைநீரில் பெரும்பங்கு இன்று மலாக்கா நீரிணையைச் சென்றடைகிறது. அந்த அணையின் பெயரைக் கேட்டால் 2013 அக்டோபர் 23 இவ்வூர்ப் பெரியவர்களின் நினைவுக்கு வரும். அந்த நள்ளிரவுக்குப் பின் திறந்துவிடப்பட்ட நீர் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. நீரின் ஆற்றலை நூலில் படித்தறிய வேண்டிய நிலையில் நம் பிள்ளைகள் இல்லை. அவர்கள் காணாதிருப்பது நீர் முடியும் இடத்தை.

நம் வகுப்பறைகளில் ஐந்திணை கற்பிக்கிறோம். குறிஞ்சி என்றதும் மாணவர் சன்னல் வழியே வெளியே பார்த்தால் போதும். நெய்தல் என்றதும் நிலை வேறு. உப்பங்கழி, தாழை, துறை, கலம், நங்கூரம் ஆகிய அனைத்தும் தேர்வுக்குரிய சொற்பொருள்களாக நின்றுவிடுகின்றன. இதற்கு மாற்றாக ஆண்டுக்கொரு முறை பள்ளிச் சுற்றுலா நடைபெறுவது உண்மைதான். பேருந்தில் ஏறிப் பினாங்குப் பாலத்தைக் கடந்து, கொடிமலைக்கும் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் சென்று, கடைத்தெருவில் இனிப்பு வாங்கித் திரும்பிவிடுகிறோம். பாலத்தின் மேல் பேருந்து விரைகையில் மாணவரில் பாதிப்பேர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். பினாங்கைக் கண்டதாகக் கணக்கு எழுதப்படும். பினாங்குத் துறைமுகத்தைக் கண்டவர் அதில் ஒருவரும் இரார்.

அப்பயணத்தை ஒரேயொரு வகையில் மாற்றியமைக்குமாறு கேட்கவே வந்திருக்கிறேன். பட்டர்வொர்த்தில் இறங்குங்கள். அங்கிருந்து படகில் ஏறித் தீவுக்குச் செல்லுங்கள். தாப்பா ரோடு நிலையத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் அது பட்டர்வொர்த் நிலையத்தில் கொண்டு சேர்க்கும். படகுத்துறை அங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவிலேயே இருக்கிறது. பேருந்திலேயே வந்தாலும் தடையில்லை. பேருந்து இக்கரையில் காத்திருக்கட்டும்.

ஏன் படகு? இதற்கு விடை கூறச் சற்றே பின்னோக்கிப் போக வேண்டும்.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்த இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதற்கு முன்பே கெடாக் கரையில் சோழமண்டலக் கரை வணிகர் இருந்தனர். தீவில் குடியேற்றம் தொடங்கியவுடன் அவர்களும் வந்து சேர்ந்தனர். அவர்களைச் சூலியர் என்று அந்நாளைய ஆவணங்கள் குறிக்கின்றன. 1794இல் லைட் எழுதிய அறிக்கையொன்று, சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கலங்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆட்களைக் கொணர்வதாகவும், அவர்கள் பொருளீட்டியபின் ஊர் திரும்ப, வேறு ஆட்கள் அவர்களிடத்தை நிரப்புவதாகவும் சொல்கிறது. கடைக்காரர்களாகவும் கூலியாட்களாகவும் மீன்பிடிப்போராகவும் அவர்கள் இருந்தனர். பெருங்கலங்கள் கரையை ஒட்ட இயலாத அக்காலத்தில் ஆழ்நீரில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் மனிதரையும் சிறுபடகில் கொண்டு சேர்த்தவர்களில் தமிழர் பலர். ஜார்ஜ் டவுனில் இன்று கிங் தெரு எனப்படும் தெருவுக்குத் தமிழர் வைத்திருந்த பெயர் படகுக்காரத் தெரு. அரசர் பெயரைக் காட்டிலும் இந்தப் பெயர் அத்தெருவின் உண்மையைச் சொல்கிறது என்பது என் எண்ணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வணிகரின் வருகையினும் தொழிலாளரின் வருகை பெருகிற்று. கரும்பு, காப்பி, பின்னர் பால்மரம் எனத் தோட்டங்கள் விரிந்தன. 1907இல் இந்தியத் தொழிலாளர் குடியேற்றத்துக்கென நிதியொன்று அமைக்கப்பட்டது; கங்காணிமார் ஊருக்குச் சென்று ஆள்சேர்த்தனர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்து, முதலில் கண்ட மலையகக் கரை பெரும்பாலும் பினாங்கே. தளப்பயணிகளாக வந்தவர்களுக்கு அறை கிடையாது. பாய் விரித்த இடமே அவர்கள் இடம். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது. இப்பள்ளத்தாக்கில் இன்று வாழ்வோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்; ஓர் ஊரே ஒரு கப்பலில் அடங்கியிருந்த நிலை அது. ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறிப் பெயரும் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன்பின் அவ்வழியில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது. தமிழகத்துக்கும் மலையகத்துக்கும் இடையே இருந்த பயணிகள் கப்பல் வழி அத்தோடு முடிவுற்றது.

கரையில் கால் வைப்பதற்கு முன் இன்னொரு கட்டம் இருந்தது. நோய் பரவுமோ என்ற அச்சத்தால், தளப்பயணிகளைப் புலாவ் ஜெரஜாக் எனும் சிறுதீவில் இறக்கி வைப்பது வழக்கம். 1870களில் அங்கே தொற்றுத்தடுப்பு முகாம் ஏற்பட்டது. தொழுநோயாளர் இல்லம் அதற்கும் முந்தியது. அங்குக் குறித்த நாள்கள் இருந்து தேறியவர்களே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டனர். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1929இல். தாப்பாவிலிருந்து மலைச்சாலை முடிவுற்றது 1931இல். ஆக, மலையில் தேயிலை வேரூன்றிய பத்தாண்டுக்குள் அந்தக் கடல்வழி ஏறத்தாழ அடைபட்டுப் போயிற்று. நம் குடும்பங்களில் சில நேரே மலைக்கு வந்தவை. பல, கீழ்நாட்டுப் பால்மரத் தோட்டங்களில் ஒரு தலைமுறை இருந்துவிட்டு ஏறியவை. எவ்வழி வந்திருப்பினும் பினாங்குத் துறையோ போர்ட் சுவெட்டன்ஹாம் துறையோ அவர்கள் கதையின் முதல் ஏட்டில் இருக்கும்.

பாலத்தின் மேல் போகிறவர் ஜார்ஜ் டவுனைப் பின்வாசல் வழியாக அடைகிறார். அந்நகரம் கடலை நோக்கிக் கட்டப்பட்டது. கோட்டை, சுங்கமனை, வங்கிகள், கிட்டங்கிகள் எல்லாம் முகம் திருப்பி நிற்பது நீரின் பக்கம். வந்திறங்கியவர் கண்ட முகத்தைக் காண வேண்டுமாயின் நீர்வழியே வர வேண்டும். படகுப்பயணத்தை நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

இனிப் படகின் வரலாறு. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஒழுங்கான படகுப் போக்குவரத்தை 1894இல் தொடங்கியவர் குவா பெங் கீ என்னும் சீன வணிகர். 1920களின் நடுவில் பினாங்குத் துறைமுக வாரியம் அதை ஏற்றது. 1925இல் வண்டிகளையும் ஏற்றும் நீராவிப் படகு ஓடத் தொடங்கிற்று. 1959இல் இருகரையிலும் புதிய துறைகள் அமைந்தன: பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹலிம் துறை, தீவில் ராஜா துன் ஊடா துறை. மஞ்சள் வண்ணம் பூசிய இரட்டைத்தட்டுப் படகுகளைப் பெற்றோர் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். புலாவ் ரிமாவ், புலாவ் உண்டான், புலாவ் காப்பாஸ், புலாவ் பாயார் என்று தீவுகளின் பெயர் தாங்கியவை அவை. தீவின் பக்கம் போகும்போது மட்டுமே கட்டணம், திரும்பும்போது கட்டணமில்லை. பெரியவர்க்கு 1 ரிங்கிட் 20 சென் என்றிருந்த காலம் நெடியது.

1985இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டபோது படகின் காலம் முடிந்தது என்றே பலர் கருதினர். முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து நேர்ந்த துயரமே அதற்குச் சான்று. 1988 ஜூலை 31 அன்று புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. ஜார்ஜ் டவுனில் சீனர் வழிபாட்டுப் பெருவிழா. இரு விழாக்கூட்டமும் பட்டர்வொர்த் துறையில் திரண்டபோது நெரிசலில் நடைமேடை இடிந்து வீழ்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். காயமுற்றோர் 1,600க்கு மேல். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். திருவிழா நாள்களைத் தவிருங்கள். அணிவகுத்து நிற்கச் செய்யுங்கள். நாம் மலைக்காரர்கள், கூட்டத்தில் முண்டியடித்துப் பழகியவர்கள் அல்லர் என்பது ஒருவகையில் நலமே.

2020ஆம் ஆண்டின் முடிவோடு பழைய படகுகள் ஓய்வு பெற்றன. சில காலம் விரைவுப்படகுகள் பயணிகளை மட்டும் கொண்டு சென்றன. 2023 ஆகஸ்டில் நான்கு புதிய படகுகள் வந்தன. அவற்றுக்குத் தெலுக் பஹாங், தெலுக் டூயோங், தெலுக் கும்பார், தெலுக் கம்பி எனத் தீவின் குடாக்கள் பெயர் தந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 250 பயணிகளையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும். மகிழுந்துகளுக்கு இடமில்லை. பழைய படகு போனதே என்று வருந்துவோர் உளர். வருத்தம் இயல்பே, நானும் அதன் மேல்தட்டில் நின்று காற்று வாங்கியவன்தான். ஆயினும் மனிதர் ஏறிச் செல்வதற்கென்றே ஓர் ஓடம் இருப்பது இந்நாளில் அரிது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் ஏறிக்கொள்வது நல்லது.

புதிய படகுகள் கட்டமைப்பில் கேட்டமரான் வகையைச் சேர்ந்தவை. இரட்டை உடல் கொண்டவை. இச்சொல்லை அறிவிப்புப் பலகையில் காணும் மாணவனிடம், ‘இது எம்மொழிச் சொல்?’ என்று வினவுங்கள். ஆங்கிலம் என்பான். நம் கட்டுமரமே அது. சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி அலைமேல் செல்வதைக் கண்ட ஐரோப்பியர் சொல்லைக் கைக்கொண்டனர். பின்னர் பசிபிக் தீவினரின் இரட்டைக் கலங்களுக்கு அதே பெயரைச் சூட்டினர். அதுவே இன்று அலுமினியத்துக்கும் எந்திரத்துக்கும் பொருந்திப் பினாங்கில் வந்து நிற்கிறது. பொருள் நம்முடையதன்று, சொல் நம்முடையது. இந்த வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையேல் இரட்டைப் படகையும் தமிழனே கண்டுபிடித்தான் என்று மேடையில் முழங்கும் பழக்கம் பிள்ளைகளைத் தொற்றிக்கொள்ளும்.

சொல் பற்றிப் பேச்சு எழுந்ததால் இன்னும் சில. மலாய்மொழியின் காப்பால் நம் கப்பல். குடாங் என்பதைக் கிடங்கு என்பதோடு இணைத்துப் பார்ப்பர். கெடை, பெத்தி, கூலி என்பன கடை, பெட்டி, கூலி. கொடுத்தது மட்டுமா? வாங்கியதும் உண்டு. தொங்கான் என்று நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய கலப்பெயர் தொங்காங் எனும் மலாய்ச் சொல்லே. மாலுமி அரபு மொழியின் முஅல்லிம். சுக்கானும் அரபே. துறைமுகத்தில் தனித்து நிற்கும் மொழி எதுவும் இல்லை. பெரி என்று நாம் சொல்வதை மாற்ற வேண்டுமா எனச் சிலர் கேட்கின்றனர். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆளேற்றிச் செல்லும் கலத்துக்கு ஓடம் என்னும் பழஞ்சொல் இருக்கிறது. அதைக் கட்டுரையில் எழுதப் பயிற்றுங்கள். வீட்டில் பாட்டி பெரி என்று சொன்னால் திருத்த வேண்டா. அவர் அதில் போய் வந்தவர்.

படகு புறப்பட்டபின் என்ன பார்க்க வேண்டும்? நீரிணை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலம். கால்மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். ஆகவே ஏறியதும் தின்பண்டப் பையை அவிழ்க்க விடாதீர்கள். வானம் தெளிந்திருந்தால் வடக்கே நெடுந்தொலைவில் கெடாக் கரைமேல் குனோங் ஜெராய் தெரியும். அம்மலையின் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களைக் கூறுமிடத்தில் காழகத்துப் பொருளையும் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். கடாரம் இந்தக் கெடாவே என்பது அறிஞர் பலரின் முடிபு. பாடநூலில் இருந்த மலை கண்ணெதிரே நிற்கும் வாய்ப்பு அது. தெற்கே திரும்பினால் நீண்ட பாலம். அதற்கு அப்பால்தான் ஜெரஜாக் தீவு. அத்திசையைக் காட்டி, நம்மவர் காத்திருந்த இடம் அது என்று ஒரு வரி சொன்னால் போதும். நீண்ட சொற்பொழிவு வேண்டா. படகு அதற்குள் கரை சேர்ந்துவிடும்.

தீவை நெருங்குகையில் வலப்பக்கம் சுவெட்டன்ஹாம் துறையும் அதில் நிற்கும் சுற்றுலாக் கப்பலும் தென்படும். இடப்பக்கம் நீர்மேல் கால்நட்ட மரவீடுகள்; சீனக் குலத்தார் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு துறை என அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் அவை. இறங்கியபின் நடந்தே செல்லலாம். வெல்டு கீ சாலையை ஒட்டிச் செல்லும்போது மணிக்கூண்டுடன் வெண்ணிறப் பெருங்கட்டடம் ஒன்றைக் காண்பீர்கள். இன்று அது சுங்கத்துறை அலுவலகம். 1907இல் கட்டிமுடிக்கப்பட்டபோது அது இரயில் நிலையம். தண்டவாளமே இல்லாத தீவில் இரயில் நிலையம்! பயணச்சீட்டை இங்கே பெற்றுக்கொண்டு, படகில் அக்கரை சென்று, பிறையில் வண்டி ஏறுவது அந்நாளைய முறை. மாணவர் இதைக் கேட்டுச் சிரிப்பர், சிரித்தது மறக்காது. சற்று அப்பால் விக்டோரியா அரசியின் ஆட்சியாண்டுக்கு ஓரடியாக 60 அடி உயர மணிக்கூண்டு. 1897இல் சியா சென் யோக் எனும் செல்வர் கொடையாக எடுக்கத் தொடங்கி 1902இல் முடிந்தபோது அரசியார் மறைந்துவிட்டிருந்தார். அதன் அருகே கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கு அரைமணி நேரம் போதும் என்பேன்; பீரங்கியின் மேல் ஏறிப் படமெடுப்பதற்கு மேல் பிள்ளைகள் அங்கே எதையும் கொள்வதில்லை.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் வேறு. தெருப்பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். காட் லெபு சூலியா, காட் லெபு சைனா என்றிருக்கும். இந்தக் காட் என்பது மலாயும் அன்று, சீனமும் அன்று. கங்கைக்கரையில் படித்துறையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். தெரு முன்னர்க் கடலில் முடிந்தது. அம்முடிவில் படகு அணையும் துறை இருந்தது. பின்னர்க் கடலைத் தூர்த்து நிலம் நீட்டியபோது துறை தெருவாயிற்று. பெயர் மட்டும் நின்றது. ஒரு மாணவனைப் பழைய தெரு முடியுமிடத்தில் நிறுத்தி, ‘இங்கே அலை அடித்தது’ என்று சொல்லிப் பாருங்கள். அங்கிருந்து கடல்வரை அவனே அடியளந்து பார்க்கட்டும். ஒரு பக்க வரலாற்றுப் பாடத்தை அந்த நடை கற்பித்துவிடும்.

சூலியாத் தெருவில் நாகூர் தர்கா. நாகூர்க் கரையில் கடலோடிகள் வேண்டிக்கொண்டு கலமேறிய சாகுல் ஹமீது ஆண்டவர் பெயரால் இக்கரையிலும் ஓர் இடம். கரைசேர்ந்தவர் முதலில் எதை நினைத்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அடுத்துக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். காதிர் முகைதீன் காலத்தில் 1801இல் தோன்றியது. குயீன் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில். இம்மூன்றும் நடந்தே காணும் தொலைவில் உள்ளன. 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகராக ஏற்கப்பட்டபோது அடுத்தடுத்து நிற்கும் இத்தகைய வழிபாட்டிடங்களும் சிறப்பாக எண்ணப்பட்டன. கோயிலுக்குள் இந்து மாணவர், பள்ளிவாசலுக்கு முன் இசுலாமிய மாணவர் எனப் பிரிக்காமல் எல்லாரையும் எல்லாவற்றையும் காணச் செய்யுங்கள். ஒரே கப்பலின் ஒரே தளத்தில் பாய் விரித்து வந்தவர்கள் கட்டியவை இவை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னரே மாணவர் ஒவ்வொருவரும் வீட்டு மூத்தவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரட்டும்: நம்மவர் எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் துறையில் இறங்கினார்கள், இறங்கியதும் எங்கே வைக்கப்பட்டார்கள். பலருக்கு விடை கிடைக்காது. கிடைக்காததையும் ‘தெரியவில்லை’ என்று ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். தளப்பயணத்தை நேரில் அறிந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். தேயிலைக்கூடையை இறக்கி வைத்து ஆண்டுகள் பல ஆன அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டிரார். சுற்றுலாக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளையும் இந்த மூன்று கேள்வியைக் கேட்க இயலும். அந்த ஏட்டோடு அவனும் பயணத்தில் இடம்பெற வழிசெய்வது பள்ளியின் பொறுப்பு, பெற்றோர் சங்கத்தின் பொறுப்பு.

திரும்பும் படகை மாலை வெயில் சாயும் நேரத்துக்கு அமைத்துக்கொள்ளுங்கள். அப்போது கதிரவன் தீவின் மலைக்குப் பின்னால் இறங்குவான். படகின் பின்புறம் நின்றால் நகரம் முழுதும் தெரியும். அந்தப் பின்புறத்துக்கு அமரம் என்று பெயர், முன்புறத்துக்கு அணியம். இவ்விரு சொல்லையும் அங்கே வைத்துச் சொல்லிக்கொடுங்கள். மலைச்சாலை வளைவுகளுக்குச் சிலர்க்குத் தலைசுற்றும். ஆதலால் இரவு உணவைத் தாப்பாவில் சற்றுக் குறைவாகவே கொடுங்கள்.